ஜெனீவாவுக்குக் கடிதம் போட்டால் காணிச் சட்டம் ரத்தாகுமா?

மூதூர், கிண்ணியா, கந்தளாய் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பெண்களுக்கு எதிரான சட்டங்களை ஐ.நா. ரத்துச் செய்துவிட்டது. ஜெனீவாவுக்குக் கடிதம் அனுப்பினால் மகளுக்கும் காணி எழுதித் தருவார்கள்." இது உண்மையல்ல.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்றது. அதைக் கண்காணிக்கும் 23 நிபுணர்கள் கொண்ட குழுவால் எந்த நாட்டின் சட்டத்தையும் நீக்க முடியாது. அரசின் அறிக்கையை ஆராய்ந்து, பாகுபாடான சட்டத்தைச் சுட்டிக்காட்டி, திருத்தச் சொல்லும். 2003 முதல் இலங்கையர் அந்தக் குழுவிடம் தனிப்பட்ட முறைப்பாடும் செய்யலாம். ஆனால் பொதுவாக, முதலில் உள்நாட்டு வழிகள் எல்லாவற்றையும் முயன்றிருக்க வேண்டும்.

அதற்காக அந்தக் குழு பயனற்றது என்று நினைக்க வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணியின் வாரிசுரிமையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. எத்தனை குடும்பங்களில் மகள்கள் இதனால் ஒதுங்கி நிற்க நேர்ந்தது! அதை மாற்றும்படி குழுவும் சொன்னது, இங்குள்ள பெண்களும் நெடுங்காலம் கேட்டார்கள். மாற்றியது 2022இல் நமது பாராளுமன்றம்தான்.

இன்னொன்று: அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது. ஆகவே எதுவும் தானாக ரத்தாவதில்லை.

குழுவின் பரிந்துரைகளை ஐ.நா. மனித உரிமை அலுவலக இணையதளத்திலும், திருத்தச் சட்டத்தை அரச வெளியீடுகளிலும் பார்க்கலாம். காணிச் சிக்கல் இருந்தால் பிரதேச செயலகத்திலோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.