ஒன்றரை வருடத்தில் டீம் லீட்

அக்கா மகள் போன வாரம் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.எஸ்சி. முடித்தவள், கையில் இரண்டு வேலை. ஒன்று இங்கே ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில், சம்பளம் சுமார்தான். இன்னொன்று சென்னையில், மருந்து கம்பெனிகளுக்காக கிளினிக்கல் டிரையல், அதாவது புது மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் வேலையை, எடுத்து நடத்தும் நிறுவனம். போன வருடம் 60 பேர், இப்போது 200 பேராம். "எதுல சேரலாம் மாமா?"

எங்கம்மா முந்திக்கொண்டார். "ஆராய்ச்சின்னா நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பண்றதுதானே? அதுக்கு எதுக்கு மெட்ராஸ்?" அவரைச் சொல்லி என்ன, 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு டாக்டர் ஐடா ஸ்கடர் ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை வரை போனதைக் கேட்டு வளர்ந்த ஊர் இந்த வேலூர். வளர்ச்சி என்றால் எங்களுக்கு அறுபது வருடக் கணக்கு. அந்தக் கம்பெனிகளுக்கோ மூன்று மாதக் கணக்கு.

அப்படி ஒரு கம்பெனியில் நான் நாலு வருடம் இருந்தேன், பெயர் வேண்டாம். 2018-ல் சேரும்போது நான் 38-வது ஆள். நல்லது இல்லை என்று சொன்னால் பொய். சின்ன இடம் என்பதால் எல்லா வேலையும் எல்லார் தலையிலும் விழும். காலையில், சோதனை நோயாளிக்கு நியாயமானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டிக்குக் கடிதம், மதியம் நோயாளி சம்மதித்துக் கையெழுத்து போடும் ஒப்புதல் படிவத்தின் தமிழைத் திருத்துவது (அந்தத் தமிழை நோயாளி படித்தால் பயந்து ஓடிவிடுவார், அப்படி இருக்கும்), சாயங்காலம் கேஸ் ஷீட்டில் இருப்பதும் கம்ப்யூட்டரில் ஏறியதும் ஒன்றா என்று வரி வரியாகப் பார்ப்பது. பெரிய கம்பெனியில் இதில் ஒன்றை மட்டும் அஞ்சு வருடம் செய்துகொண்டிருப்பார்கள். நான் ஒன்றரை வருடத்தில் டீம் லீட்.

2019 மார்ச்சில் கிளினிக்கல் டிரையலுக்குப் புது விதிகள் வந்தன. இந்தியாவிலேயே கண்டுபிடித்த மருந்தின் சோதனைக்கு அனுமதி கேட்டால் 30 வேலை நாளில் அரசின் பதில், வெளிநாட்டிலிருந்து வருவதற்கு 90 வேலை நாள் என்று கெடு வைத்தார்கள். எங்கள் பிசினஸ் ஆட்களுக்குக் கொண்டாட்டம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கக் கேட்டாலும் "முடியும் சார்" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். ஆனால் 24-வது வாரப் பரிசோதனைக்கு நோயாளி 24-வது வாரம்தான் வருவார். நாற்பது பேரைப் புதிதாக எடுத்தால் அது 12 வாரம் ஆகிவிடுமா? ஆகாது, ஆனால் ஆளை எடுப்பார்கள். அந்த நாற்பது பேருக்கு யார் சொல்லித்தருவது? நாலு மாதம் முன்னால் சேர்ந்தவர்தான். எஸ்.ஓ.பி., அதாவது வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிப் புத்தகம், வருடத்துக்கு அஞ்சு தடவை மாறும், "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்து போடுவோம். படித்தவர் யார் என்று கேட்காதீர்கள்.

இதில் என் தப்பும் உண்டு. ஒரு டிரையலில் ஒப்புதல் படிவம் மாறியிருந்தது, புதிதாகத் தெரிந்த ஒரு பக்கவிளைவைச் சேர்த்திருந்தார்கள். அந்த மெயில் அன்றைக்கு வந்த நூற்றுச் சொச்சத்தில் புதைந்துபோக, என் டீம் பழைய படிவத்திலேயே 11 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டது. நான் பார்த்திருக்க வேண்டும். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, விளக்கிச் சொல்லி, மறுபடி வாங்கினோம். ஒடுகத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்தார். "போன தடவை போட்டதும் என் கையெழுத்துதானே சார், அது செல்லாதா?" என்ன சொல்ல? செருப்பு பிசினஸ் என்றால் ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆகும், அவ்வளவுதான்.

மேலே போய், ஆள் எடுப்பதை ஆறு மாதம் நிறுத்துங்கள் என்றேன். மேனேஜர் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் மேனேஜரே மாறிவிட்டார், இரண்டு வருடத்தில் எனக்கு வந்த அஞ்சாவது ஆள் அவருக்குப் பின்னால் வந்தவர்.

அப்புறம், சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் தருகிறோம் என்று காட்டும் அந்த ஆசை. நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியாமல் கிளம்பினால் ஒன்றுமில்லை. அது வந்த பிறகும், வாங்கும்போது பங்கின் மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத் தொகையைச் சம்பளம் மாதிரி கணக்குப் போட்டு வரி பிடிப்பார்கள், ஆனால் சந்தையில் பட்டியலாகாத கம்பெனிப் பங்கை யாரிடம் விற்பது? என்னுடையது இன்னும் ஒரு பி.டி.எஃப். ஆகத்தான் இருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அங்கே போகாதே என்று அவளிடம் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்குத் தெரிந்த வேலையில் முக்கால்வாசி அங்கே கற்றதுதான். இன்டர்வியூவில் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன்: எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் எப்போது சேர்ந்தார்?

நேற்று ராத்திரி வாட்ஸப்பில் பதில் வந்தது. "கேட்டேன் மாமா. அஞ்சு மாசம் ஆச்சாம். சம்பளம் நல்லா இருக்கு, திங்கட்கிழமை சேர்றேன். காட்பாடியில காலைல எந்த ட்ரெயின் புடிச்சா நேரத்துக்குப் போலாம்?"