தூக்குவாளியும் ரெண்டு கரண்டி சாம்பாரும்

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் ஹோட்டலில் பார்சல் வாங்கும்போது எடுத்த அந்தப் போட்டோ, நேற்று ராத்திரி வரைக்கும் எங்கள் குடியிருப்புக் குரூப்பில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. இன்பாக்ஸில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அது நான்தான். கையில் இருப்பது என் அப்பாவின் தூக்குவாளி. பின்னால் நாலடி தள்ளி, யாரோ எவரோ மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் என் வீட்டுக்காரர்.

போட்டோ எடுத்ததுகூடப் பரவாயில்லை. (முன்கூட்டியே சொல்லியிருந்தால் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போயிருப்பேன்.) அதற்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை. "பெரிய தூக்கா எடுத்துட்டுப் போனா சாம்பார் ரெண்டு கரண்டி கூடக் கிடைக்கும், நல்ல டெக்னிக்." அதற்கு இருபத்திரண்டு சிரிப்பு பொம்மைகள். எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாதுதான், எண்ணிவிட்டேன்.

போட்டவர் யார் என்று எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று எங்கள் வாசலில் மைக் பிடித்துப் பூமித்தாயைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியவர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு வேப்பங்கன்று, கறுப்பு பிளாஸ்டிக் பையில். ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். பேப்பர் கப்பில் டீ. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிற 14 பொருள்களில் ஒன்று. அன்றைக்கு நான் ஏதாவது சொன்னேனா? சொல்லவில்லையே. கன்றை வாங்கிக்கொண்டு, டீயையும் குடித்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். வெளியே போகும்போது பாத்திரத்தையும் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அவ்வளவுதான். சோலார் பேனல் போடச் சொல்லவில்லை. மூங்கில் பிரஷ் வாங்கச் சொல்லவில்லை. புதிதாக எதையுமே வாங்கச் சொல்லவில்லை. பரணில் கிடக்கிற டப்பாவை இறக்கிக் கழுவுங்கள் என்கிறேன்.

போன மாதம் மச்சினர் குடும்பம் வந்திருந்தபோது அவசரத்துக்கு ஹோட்டலில் நாலு பொங்கல், நாலு வடை, ஒரு செட் பூரி வாங்கி வரச் சொன்னோம். சாப்பிட்டு முடித்ததும் மேஜையில் கிடந்ததை எண்ணினேன். (ஆமாம், எனக்கு எண்ணும் வியாதி உண்டு.) சாம்பார் கவர் ஐந்து. சட்னி கவர் பத்து. பூரிக்கிழங்குக்கு ஒன்று. வாழையிலை மாதிரியே பச்சை வரி அச்சடித்த பிளாஸ்டிக் தாள் ஐந்து. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழையிலை விளைகிற ஊரில் வாழையிலைக்கு வேஷம் போட்ட பிளாஸ்டிக்! இதையெல்லாம் போட்டுக் கொடுத்த பெரிய கவர் ஒன்று. ஆக, இருபத்திரண்டு. சிரிப்பு பொம்மைக் கணக்கும் அதேதான், இப்போதுதான் கவனிக்கிறேன்.

அந்த இருபத்திரண்டும் எங்கே போகும்? எங்கள் தெருவில் குப்பை எடுக்க பேட்டரி வண்டியில் வருகிற அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். "இதையெல்லாம் யாரும்மா எடைக்கு எடுப்பான்? எண்ணெயும் புளியுமா இருக்கு" என்றார். பால் கவர் என்றால் எடைக்குப் போகும். பாட்டில் போகும். சாம்பார் கவர் போகாது. அதிலும் நாம் பாதி சாம்பாரை மிச்சம் வைத்து, முடிச்சுகூட அவிழ்க்காமல் அப்படியே போடுகிறோம். மக்குவதையும் மக்காததையும் அவர்கள்தானே பிரிக்க வேண்டும்? ரப்பர் பேண்டை இழுத்தால், ரெண்டு நாள் புளித்துப் பொங்கிய சட்னி மூஞ்சியில் அடிக்கும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னையில் எங்கள் பகுதிக் குப்பை போய்ச் சேருவது பெருங்குடிக்கு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளேயே ஒரு குப்பைமேடு. அதே சதுப்பு நிலத்துக்குத்தான் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. அதே 2022-ல், ஏப்ரல் கடைசியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததை வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்து, இன்ஹேலரும் கையுமாக ரெண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கும் இதே குரூப்பில் மாநகராட்சியைத் திட்டித் தீர்த்தார்கள். திட்ட வேண்டியதுதான், நானும் திட்டினேன். ஆனால் அங்கே எரிந்ததில் என் வீட்டுச் சட்னி கவரும் இருந்திருக்குமே என்ற நினைப்பு அப்புறம் போகவே இல்லை. தூக்கு பரணிலிருந்து இறங்கியது அந்த வாரம்தான்.

இப்போது சிலர் வருவார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"நீ ஒருத்தி தூக்கு எடுத்துட்டுப் போனா உலகம் திருந்திடுமா? கோடிக்கணக்குல பிளாஸ்டிக் தயாரிக்கிறவனைப் போய்க் கேளு." நியாயமான கேள்வி, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தயாரிக்கிறவனைக் கேட்காமல் தள்ளுவண்டிக்கார அம்மாவிடம் அபராதம் வாங்கினால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் தயாரிக்கிறவனைப் போய்க் கேட்டீர்கள்? கேட்டிருந்தால் சொல்லுங்கள், தூக்கோடு நானும் வருகிறேன்.

"பாத்திரம் கழுவத் தண்ணி செலவாகாதா?" இதற்கெல்லாம் பதில் கிடையாது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஒரு குடத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரை பக்கெட்டில் பிடித்துத்தான் எங்கள் வீட்டில் பாத்திரத்துக்கு முதல் கழுவல். உங்கள் வீட்டில் அது எங்கே போகிறது, பார்த்ததுண்டா?

"ஹைஜீன்" என்று ஒரு கோஷ்டி. டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் அழுக்கு, பேப்பர் கப்தான் சுத்தமாம். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். பேப்பர் கப்பில் 100 மில்லி சுடுதண்ணீரைப் பதினைந்து நிமிடம் வைத்திருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள் அதில் இறங்கிவிடுகிறதாம். குடியுங்கள், சுத்தமாகக் குடியுங்கள்.

அப்புறம் ஒரு தம்பி (என் மேல் மரியாதை உள்ளவர்தான்) டென்மார்க் கணக்கைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்டது. ஒரு பருத்திப் பை, பருவநிலைக் கணக்கை மட்டும் பார்த்தாலே பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறை உபயோகிக்கப்பட வேண்டும். மற்ற பாதிப்பையெல்லாம் சேர்த்தால் 7,100 முறை. படித்ததும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். என் அலமாரியில் கல்யாணத் தாம்பூலப் பை மட்டும் முப்பத்தாறு இருக்கிறது. முப்பத்தாறை 7,100-ஆல் பெருக்கிப் பாருங்கள், என் பேரன் காலத்திலும் முடியாது. தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. அதனால்தான் புதிதாக வாங்காதீர்கள் என்கிறேன். கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற மெஷின் வந்தபோது எல்லோரும் போட்டோ எடுத்துப் போட்டீர்களே, அந்தப் பை இப்போது எங்கே? மறந்துபோய் மறுபடியும் பத்து ரூபாய் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன்.

ஏ.சி. வைத்திருக்கிறாயே என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். ஆன்லைனில் சாமான் வாங்குகிறேன், ஒரு சோப்புக்கு மூன்று அட்டைப்பெட்டி வருகிறது. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. அதனால் நான் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட வேண்டுமா என்ன?

இதில் யாருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருக்கிறது. தடுப்பது கூச்சம். கையில் ஒரு பாத்திரத்தோடு நாலு பேர் முன்னால் நிற்கிற கூச்சம். எங்கள் தெருக் கறிக்கடையில் டப்பாவை நீட்டினால், பையன் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, "டப்பா வெயிட்டு கழிச்சாச்சுக்கா" என்று கறியை வெட்டிப் போடுகிறான். பத்து விநாடி வேலை. அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வரிசையில் பின்னால் நிற்கிறவர்தான் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஊட்டி போயிருந்தோம். நீலகிரியில் 2022-லிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது அந்த ஏற்பாடு. நேராக நிற்கவே முடியாத ஒரு அண்ணன், ரெண்டு கையிலும் காலி பாட்டிலை அணைத்துக்கொண்டு, பத்திரமாக வந்து கொடுத்துவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை. பத்து ரூபாய் கையில் வந்தால் கூச்சம் போய்விடும் போலிருக்கிறது. எனக்கு யாராவது பத்து ரூபாய் கொடுத்திருந்தால் அந்தப் போட்டோவில் நான் புத்திசாலியாகத் தெரிந்திருப்பேனோ என்னவோ.

இந்தக் கூச்சம் எனக்குப் புதிது இல்லை. விழுப்புரத்தில் நாங்கள் சின்ன வயதில் இருந்தபோது ஹோட்டலுக்கு எல்லோரும் பாத்திரத்தோடுதான் வருவார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கு, கூஜா, கேரியர் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் தூக்கு 1984 தீபாவளி போனஸில் வாங்கியது. மூடியில் அப்பாவின் இனிஷியலும் வருஷமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வகுப்புப் பெண் ஒருத்தி பூப்போட்ட கவரில் இட்லி பார்சலை ஆட்டிக்கொண்டு போனவள் என்னைப் பார்த்து, "உங்க வீட்ல கவர்ல எல்லாம் வாங்க மாட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தூக்கைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு ஓட்டமாக நடந்தேன். மூடி நழுவி, பாதி சாம்பார் பாவாடையில். தொடையில் கொப்புளம். மூடி விழுந்ததில் ஓரத்தில் ஒரு நசுங்கல், இப்போதும் இருக்கிறது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே போய் வாங்கி வந்தார். அதற்கப்புறம் என்னைப் போகச் சொல்லவே இல்லை.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், அந்தக் குரூப்பில் என் மகளும் இருக்கிறாள். அவளுக்குப் பதினாலு வயது. அவளுடைய சிநேகிதிகளின் அம்மாக்கள் பொம்மை போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து, "அம்மா, அந்தத் தூக்க மட்டும் இனிமே வெளிய எடுத்துட்டுப் போகாதயேன்" என்றாள். பள்ளியில் பூமியைக் காப்போம் என்று சார்ட் ஒட்டிப் பரிசு வாங்கியவள். (ஒட்டியது தெர்மாகோல் மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை, பரிசு வாங்கிய சந்தோஷத்தில் இருந்தாள்.) அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பா மாதிரி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

செயலாளர் சாருக்கு... சரி, சொல்லிவிட்டேன், சொன்னது சொன்னதுதான். நேற்றுக் காலையில் அதே ஹோட்டலுக்கு அதே தூக்கோடுதான் போனேன், தனியாக. பார்சல் கட்டுகிற தம்பி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அக்கா, சட்னிக்கு டப்பா எடுத்துட்டு வரலியா?" என்று அதட்டினான். மறந்துவிட்டேன். சட்னியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரெண்டு செட் இட்லியை இலையில் கட்டி வாங்கிக்கொண்டேன். சாம்பார், செட்டுக்கு ஒரு கரண்டி. அளந்துதான் ஊற்றுகிறார்கள் சார். ரெண்டு லிட்டர் தூக்கில் அடியில்தான் கிடந்தது, வீடு வந்து சேரும் வரை களக் களக்கென்று ஆடிக்கொண்டே வந்தது. சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு அங்கேதான் இருப்பேன். போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை மூடியைத் திறந்து காட்டுகிறேன்.