இன்டெல் ஜிபியு-வை அணைச்சிடாதீங்க

விண்டோஸ் லேப்டாப்ல ரெண்டு ஜிபியு (படம் வரையுற சிப்) இருக்கும்போது, டாஸ்க் மேனேஜர்ல இன்டெல் ஜிபியு 0, என்விடியா ஜிபியு 1னு காட்டுறதாலதான் கேம் திக்குது, டிவைஸ் மேனேஜர்ல இன்டெலை டிசேபிள் பண்ணுங்கன்னு ஒருத்தர் சொல்றார். தப்புங்க. 0, 1 வெறும் வரிசை எண், ரேங்க் இல்ல.

பெரும்பாலான கேமிங் லேப்டாப்ல திரை இன்டெல் சிப்போடதான் இணைஞ்சிருக்கும். என்விடியா வரையுற படமும் அது வழியாத்தான் திரைக்கு வரும் (திரையை நேரா என்விடியாவோட இணைக்கிற மக்ஸ் ஸ்விட்ச் இருந்தா கதை வேற). இன்டெலை அணைச்சா, விண்டோஸோட வெறும் அடிப்படை டிரைவரான மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்தான் மிஞ்சும். பிரைட்னஸ்கூட மாத்த முடியாம நான் முழிச்சிருக்கேன்.

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் போய் அந்த கேமுக்கு மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் வைங்க. அப்பவும் திக்கினா, சார்ஜர் சொருகியிருக்கான்னு முதல்ல பாருங்க. பேட்டரியில ஓடினா வேகம் குறையத்தான் செய்யும்.