பீடத்தில் இருக்கும் அந்த ஓட்டைகள்

போன மாதம் அக்கா மகளோடு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். சோழர் கால உமையின் முன்னால் நின்றவள் பீடத்தையே உற்றுப் பார்த்தாள். "மாமா, இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?" கீழே ஒட்டியிருந்த சீட்டில் "பார்வதி, வெண்கலச் சிலை, 11ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் இருந்தது. அதை எத்தனை முறை படித்தாலும் அவள் கேள்விக்குப் பதில் வராது.

பதில் கல்வெட்டுத் தமிழில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்தவற்றைச் சொல்லும் வரிகளில் இவை திருமேனிகள். "எழுந்தருளுவித்த" என்பதுதான் அங்கே வரும் வினைச்சொல். பாதம் முதல் முடி வரை முழத்தாலும் விரலாலும் அளந்து உயரம் எழுதியிருக்கிறார்கள். நாம் நடராஜர் என்பவர் அங்கே ஆடவல்லார். ஆடவல்லான் என்னும் கல்லால் பொன்னை நிறுத்தார்கள், ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல்லை அளந்தார்கள். அந்தப் பெயர் ஊரின் கொடுக்கல் வாங்கலுக்குள்ளேயே புழங்கியிருக்கிறது!

மேனி என்று சொல்லிவிட்டால் குளிப்பாட்ட வேண்டும், பட்டு உடுத்த வேண்டும், தெருவுக்கு அழைத்துவர வேண்டும். அந்த ஓட்டைகள் உலாவுக்குத் தண்டு செருகவும் கயிறு கட்டவும்தான். கலை நூல்கள் வியக்கும் இடுப்பு வளைவைக் கோயிலில் திருமஞ்சனத்தின்போதுதான் பார்க்க முடியும். மற்ற நேரமெல்லாம் பட்டும் மாலையும் மூடியிருக்கும். சிலை என்ற சொல்லில் இதில் எதுவும் இல்லை.

நம் பேச்சு வழக்கிலும் ஒரு கோளாறு உண்டு. 'ஐம்பொன்' என்ற சொல்லால் இவற்றில் தங்கம் நிறைய இருப்பதாக நம்புகிறோம். சோழர் படிமங்களைச் சோதித்தவர்கள் கண்டது பெரும்பங்கு செம்பு, கொஞ்சம் வெள்ளீயம், ஈயம். கல்வெட்டும் செப்பு என்றே சொல்கிறது. செய்தித்தாள்கள் 'பல கோடி மதிப்புள்ள ஐம்பொன் சிலை' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தமிழ்நாட்டிலிருந்து கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்த பத்தூர் நடராஜரின் வழக்கு நினைவுக்கு வருகிறது. 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிந்து கிடந்த அந்தக் கோயிலே வழக்காடலாம் என்று ஏற்றது. திருமேனி இந்தியா திரும்பியது.

அந்தச் சீட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தால் இப்படி எழுதுவேன்: "உமை. உலாவுக்கு எழுந்தருளும் செப்புத் திருமேனி. பீடத்துத் துளைகள் தண்டு செருக." மூன்றே வரி. அக்கா மகளுக்குப் புரியும்.