டிஸ்லைக் எண்ணிக்கை நம் கண்ணில் படட்டும்

பொய்ச் செய்தியைப் பார்த்ததும் எரிச்சலில் கோபமுகத்தை அழுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல். 2017-லிருந்து கொஞ்ச காலம் ஃபேஸ்புக் ஒரு கோபமுகத்தை ஐந்து லைக்குக்குச் சமமாகக் கணக்கிட்டது. 2021-ல் அவர்களுடைய உள் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. நாம் திட்டத் திட்ட, அந்தப் பதிவு இன்னும் நாலு பேரிடம் போயிருக்கிறது! 2020-ல் அந்த மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள், சரி. ஆனால் ஒரு பதிவை 'இது தப்பு' என்று எண்ணிக்கையோடு சொல்ல ஃபேஸ்புக்கில் வழியே இல்லை.

பர்மாவில் இது சின்ன விஷயமில்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஏப்ரல் 21-ந் தேதி எல்லா ஊரும் மறுபடி ஆடும் என்று ஒரு சோதிடர் டிக்டாக்கில் சொன்னார். முப்பது லட்சம் தடவைக்கு மேல் ஓடியது அந்த வீடியோ. அன்றைக்கு யாங்கோனில் வீட்டுக்குள் இருக்கப் பயந்து வெளியே தங்கியவர்கள் உண்டு. நிலநடுக்கத்துக்குத் தேதி குறிக்க இன்றுவரை எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது. பார்த்தவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம்; அதை எண்ணிக்கையாகக் காட்ட அந்தத் திரையில் இடமே இல்லை. இதயம், கமெண்ட், சேவ், ஷேர் கணக்குகள்தான்.

யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தது. சின்ன சேனல்களைக் குறிவைத்துக் கும்பலாக டிஸ்லைக் குத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பொத்தான் இருக்கிறது, கணக்கு வீடியோக்காரருக்கு மட்டும் தெரியும். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இன்வெர்ட்டருக்கு பேட்டரி இணைக்க வீடியோ தேடுகிறோம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸே போடாமல் ஒருவர் ஒயரை இழுத்துக் காட்டுகிறார். முன்பு 400 லைக்குக்கு எதிரே 300 டிஸ்லைக் நின்றால் புதிதாகப் பார்ப்பவரும் கையை எடுத்துவிடுவார். இப்போது கமெண்டில் யாராவது எச்சரித்தாலும் வீடியோக்காரர் அதை நீக்கிவிடலாம். பழைய எண்ணிக்கையைக் காட்ட, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்கிறது. ஆனால் புது வீடியோக்களுக்கு அது காட்டுவது, அதைப் போட்டிருப்பவர்களின் குத்தை வைத்துப் போட்ட மதிப்பீடுதான்.

டிஸ்லைக் எண்ணிக்கையைக் காட்டினால் கும்பல் புத்தி வரும் என்கிறார்கள். வரும்தான். ஆனால் 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சோதனையைப் பாருங்கள். கமெண்டுகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பொய் லைக் போட்டுவிட்டார்கள். கடைசி மதிப்பெண் சராசரி 25 சதவீதம் ஏறியது. பொய் டிஸ்லைக்கையோ பின்னால் வந்தவர்கள் லைக் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். ஆட்டுமந்தையாக்குவது எது? அதை மட்டும் ஏன் மறைப்பதில்லை?

உண்மையான சேதம் வேறு இடத்தில். டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு, வாங்கியவர் திருந்துவதில்லை, முன்னைவிட அதிகமாகவும் மோசமாகவும் எழுதுகிறார் என்று 2014-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எழுதியவரைத் திருத்தும் கருவியாக இதை நம்பாதீர்கள். படிப்பவருக்கு எச்சரிக்கை, அவ்வளவே. குத்துகிறவருக்கும் கொஞ்சம் செலவு வைக்கலாம். புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 125 புள்ளி சேர்த்தால்தான் டவுன்வோட் போட முடியும். ஒரு பதிலுக்குப் போட்டால் எழுதியவருக்கு 2 போகும், போட்டவருக்கும் 1 போகும். நல்ல ஏற்பாடு.

கோயில், சங்கச் செய்திகளுக்கு டெலிகிராம் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பின் எண்ணிக்கையை இன்றைக்கே காட்டலாம். குரூப்பாக வைத்தால் யார் எதைக் குத்தினார் என்று பெயரோடு தெரியும். தலைவர் போட்டதற்கு எதிராக யார் கட்டைவிரலைக் கீழே காட்டுவார்? சேனலாக வைத்தால் எண்ணிக்கை மட்டும் தெரியும். சேனல் பெயரைத் தொட்டு, எடிட்டில் ரியாக்ஷன்ஸ் போய், கட்டைவிரல் மேலே, கட்டைவிரல் கீழே இரண்டை மட்டும் விடுங்கள். எல்லா எமோஜியையும் விட்டால் எதிர்ப்பு சிரிப்புமுகம், கோமாளிமுகம் என்று சிதறி, எதையும் எண்ண முடியாது. செய்தியைப் பரப்பும்போது ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அந்தக் கணக்கு கூடவே போகாது. காப்பி லிங்க் எடுத்து அனுப்புங்கள். சேனல் பப்ளிக்காக இருந்தால், திறப்பவர் மூலச் செய்தியையும் அதன் கீழுள்ள எண்ணிக்கையையும் சேர்த்தே பார்ப்பார்.