இன்னொரு ஆன்

யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் நகரை ஒட்டி ஷிப்டன் ஹால் என்றொரு பழைய வீடு இருக்கிறது. 1420 வாக்கில் கட்டியது. அங்கே வாழ்ந்த ஆன் லிஸ்டர் என்ற பெண்ணைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் அவருடைய நாட்குறிப்பில்தான் போய் நிற்கிறார்கள். சுமார் ஐம்பது லட்சம் சொற்கள். ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்த சங்கேத லிபி. அதற்குள் பெண்கள் மீது அவர் கொண்ட காதல். சுவையான விஷயம்தான், மறுக்கவில்லை. என்னை உறுத்துவது அவருடைய உயில்.

அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டப்படி, ஒரு பெண் மணமுடித்தால் அவள் சொத்து கணவனின் பிடிக்குள் போய்விடும். அதை அடியோடு மாற்றிய சட்டம் 1882இல்தான் வந்தது. லிஸ்டரின் தம்பி 1813இலேயே நீரில் மூழ்கி இறந்துவிட்டான். 1826இல் பெரியப்பா ஜேம்ஸ் கண்ணை மூடியபோது ஷிப்டன் லிஸ்டருக்கு வந்தது. இவள் எந்த ஆணையும் மணக்கப் போவதில்லை, நிலம் வேறு குடும்பத்துக்குக் கைமாறாது என்பது பெரியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எதை மறைக்கச் சங்கேத லிபி தேவைப்பட்டதோ, அதுவேதான் சொத்தையும் வாங்கிக் கொடுத்தது என்பேன்.

பக்கத்துப் பண்ணையின் வாரிசு ஆன் வாக்கர். 1834 ஈஸ்டர் அன்று யார்க்கில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருவரும் சேர்ந்து நற்கருணை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுதான் திருமணம். வாக்கரின் பணம் ஷிப்டனின் கட்டட வேலைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் உதவியது. 1840 செப்டம்பரில், பயணம் போன இடத்தில், ஜார்ஜியாவின் குட்டைசி நகரில் லிஸ்டர் காய்ச்சலில் இறந்தார். அத்தனை தொலைவிலிருந்து உடலை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் வாக்கர். அடக்கம் நடந்தது அடுத்த ஏப்ரலில்.

உயிலில் வாக்கருக்குக் கிடைத்தது வாழ்நாள் உரிமை மட்டும். அதுவும் அவர் யாரையும் மணக்காத வரைதான். பிறகு எல்லாம் லிஸ்டரின் தூரத்து உறவினருக்கு. பெரியப்பாவின் கணக்கை லிஸ்டர் அப்படியே காதலியிடம் போட்டுப் பார்த்திருக்கிறார்! நிலத்துக்கு முன்னால் காதல் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதில் லிஸ்டருக்குக் குழப்பமே இருந்ததில்லை போலும்.

அந்த வாழ்நாள் உரிமையையும் வாக்கர் நிம்மதியாக அனுபவிக்கவில்லை. 1843இல், பூட்டிய அறையின் கதவைக் கழற்றி உள்ளே போனார்கள். சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தீர்ப்பாயிற்று. அக்கா குடும்பம் முன்னின்று யார்க் அருகே ஒரு காப்பகத்தில் சேர்த்தது. 1854இல் இறந்தார்.

1890களில் ஷிப்டனின் கடைசி வாரிசு ஜான் லிஸ்டரும் அவருடைய நண்பரும் சங்கேதத்தை உடைத்துப் படித்தார்கள். எரித்துவிடு என்றார் நண்பர். ஜான் எரிக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்தார். அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. இன்று அந்த நாட்குறிப்பு யுனெஸ்கோவின் பிரிட்டன் ஆவணப் பதிவேட்டில் இருக்கிறது.

வாக்கரும் நாட்குறிப்பு எழுதியவர்தான். 1834, 35ஆம் ஆண்டுகளுக்கான சிறிய ஒன்று அவருடையது என்று 2020இல்தான் அடையாளம் கண்டார்கள். அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஊர் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்திருக்கிறது.