ரீல் எங்கே என்கிறீர்களே, அதைப் பூட்டி வைத்தது யார்?

இன்றைக்கு ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ நேர்காணலில் ஒருவர் என் ஷோரீலை, அதாவது நான் செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பை, ஒரு 20 விநாடி ஓடவிட்டார். நிறுத்தினார். "கீ அனிமேஷன் ஒண்ணும் இல்லையே, இன்பிட்வீன் மட்டும்தான் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்த "மட்டும்தான்" காதில் விழுந்ததிலிருந்து வயிறு எரிகிறது.

கையால் வரையும் அனிமேஷனில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்திக் காட்டினாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். அதில் முக்கியமான நிலைகள் மூன்றோ நான்கோ இருக்கும், அவைதான் கீ, அவற்றைச் சீனியர் வரைவார். அவற்றுக்கு நடுவில் வரும் மிச்சமெல்லாம் இன்பிட்வீன், அது என்னைப் போன்ற கடைசி நாற்காலிக்காரன் தலையில். ஒரே ஒரு கதாபாத்திரம் ஒரு நிமிடம் அசைய 720 படம். அதில் பெரும்பகுதி யார் கையால் வந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ரெண்டு படத்துக்கு நடுவுல ஒண்ணு வரையறதுதானே, மெஷின் வேலை" என்பார்கள். சரி, ஒரு தலை இடமிருந்து வலமாகத் திரும்புகிறது என்று வையுங்கள். இரண்டு முனைக்கும் நட்டநடுவில் ஒரு முகத்தை வைத்துப் பாருங்கள். தலை திரும்பாது, மூக்கு மட்டும் முகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தலை சற்றுத் தாழ்ந்து, வளைவாகப் போய், மறுபடி மேலே வர வேண்டும். இமை எந்தப் படத்தில் மூட வேண்டும், கூந்தல் எத்தனை ஃபிரேம் பின்தங்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டும். சீனியர் ஓரத்தில் கிறுக்கியிருக்கும் டைமிங் சார்ட்டில் (நடுவில் வரும் படங்கள் எங்கெங்கே விழ வேண்டும் என்று காட்டும் சின்ன அளவுகோல்) கோடுகள் எந்தப் பக்கம் நெருங்கி நிற்கின்றன என்று பார்த்து, அங்கே அசைவைத் தணிக்க வேண்டும். கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் திரையில் உதறும். இவ்வளவும் செய்த பிறகு அதற்குப் பெயர் மெஷின் வேலை!

கூலி படத்துக்கு இவ்வளவு என்று. ரீடேக் வந்தால், அதாவது திருத்தி மறுபடி வரையச் சொன்னால், அதற்குக் காசு கிடையாது. தப்பு என்னுடையது என்றால் வாயை மூடிக்கொண்டு வரைவேன். இயக்குநர் திடீரென்று மனம் மாறி, "இந்தக் காட்சியில் தொப்பி வேண்டாம்" என்றால்? அதுவும் ரீடேக் கணக்கில்தான் சேர்ந்தது. ஒரு தொப்பியைக் கழற்ற இரண்டு ராத்திரி போனது. (அந்தக் காட்சியே கடைசியில் படத்தில் இல்லை.)

இதெல்லாம் கூடப் போகட்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். படம் வெளியாகும் வரை ஒரு ஃபிரேமைக் கூட வெளியே காட்டக் கூடாது. இரண்டு வருடம் நான் வரைந்தது முழுக்க அவர்களுடைய சர்வரில் தூங்குகிறது. ஒரு தொடர் வெளியானது. கடைசியில் ஓடிய பெயர்ப்பட்டியலில் எங்கள் குழுவுக்கு இடமே இல்லை. இப்போது அடுத்த ஸ்டுடியோக்காரர் கேட்கிறார், ரீலில் என்ன இருக்கிறது என்று. என்ன இருக்கும்? ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் மென்பொருளில் சொந்தமாகச் செய்த நாலு துண்டுதான் இருக்கும்.

இன்பிட்வீன்தான் படிக்கட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். ஆலி ஜான்ஸ்டன் 1935-இல் டிஸ்னியில் சேர்ந்து இன்பிட்வீன் வரைந்துதான் தொடங்கினார். பிறகு அங்கே மூத்த அனிமேட்டராக இருந்த ஃபிரெட் மூருக்கு உதவியாளராக இருந்து, அந்த ஸ்டுடியோவின் தலைசிறந்த அனிமேட்டர்களில் ஒருவரானார். அதைப் பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. 1941-இல் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தபோது, கீழ்மட்டக் கலைஞர்களின் சம்பளமும் பெயர்ப்பட்டியலும் சண்டைக்கான காரணங்களில் இருந்தன. ஆனால் ஜான்ஸ்டனின் படத்தைத் திருத்த மூர் பக்கத்திலேயே இருந்தார். எனக்குக் கீ வரைந்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஃபைல் வரும், வரைந்து அனுப்புவேன், சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வரும். ஏன் தப்பு என்று ஒரு வரி இருக்காது. இப்படி வேலை பார்த்தவன் எங்கிருந்து கீ கற்றுக்கொள்வான்?

நேர்காணல் முடிவில், "ஒரு டெஸ்ட் அனுப்பறோம், செஞ்சு குடுங்க" என்றார். வீட்டுக்கு வருவதற்குள் மின்னஞ்சல் வந்திருந்தது. இரண்டு கதாபாத்திரங்கள், 10 விநாடி, உதட்டசைவோடு, மூன்று நாளில். பணம் பற்றிப் பேச்சே இல்லை. கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு வேறு: இன்பிட்வீன் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.